ஹெட்லைட்டில் புரொஜெக்டர் பொருத்துவது: பிரிப்பது முதல் மட்டம் பார்ப்பது வரை

ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது, ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் எச்ஐடி பல்பையோ (இழைக்குப் பதில் வாயுவில் மின்பொறி எரியும் செனான் பல்பு) எல்இடி பல்பையோ மாட்டுவது. வெளிச்சம் கூடும், ஆனால் கூடியதில் பெரும்பகுதி எதிரே வருபவரின் கண்ணில்தான் போய் விழும். ரிஃப்ளெக்டர் கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் ஹாலஜன் இழை இருக்கும் இடத்தையும் அதன் நீளத்தையும் வைத்துக் கணக்கிட்டு வடித்தது. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் அந்தக் கணக்கு குலைந்துவிடும்.

புரொஜெக்டரின் வேலை வேறு விதம். பின்னால் நீள்வட்ட வடிவக் கிண்ணம்; அதன் ஒரு குவியத்தில் பல்பு, இன்னொரு குவியத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்புத் தகடு, அதற்கு முன்னால் லென்ஸ். தகட்டின் மேல் விளிம்பை லென்ஸ் தலைகீழாக்கிச் சாலையில் வீசுகிறது. சுவரில் வெளிச்சத்துக்கு மேல் கத்தியால் அறுத்த மாதிரி ஒரு கோடு தெரிவது அந்த விளிம்பின் பிம்பம்தான். இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். கோட்டுக்குக் கீழே எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் மேலே போவது சொற்பம். ஹை பீம் போட்டதும் ஒரு சோலனாய்டு, அதாவது மின்காந்த இழுப்பான், தகட்டைக் கீழே இழுக்கிறது, ஒளி முழுதாகத் திறக்கிறது. பை-செனான், பை-எல்இடி என்று பெயரில் ‘பை’ சேர்ந்து வருவது இந்த இரட்டை வேலைக்காக.

அந்தக் கோடு சரியாக விழுந்தால்தான் இந்த வேலைக்கு மதிப்பு. கோணலாக விழும் கோடு, புரொஜெக்டர் இல்லாத ஹெட்லைட்டை விட மோசமாகக் கண்ணைக் கூசவைக்கும். அதனால் நேரத்தில் பாதியை மட்டம் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் ஊரின் வாகன விதியைப் பாருங்கள். ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே மாற்றினால் அதன் அங்கீகாரம் போய்விடும் என்பது பல நாடுகளில் விதி. ஐ.நா. வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில், 2,000 லூமனுக்கு மேல் ஒளி தரும் லோ பீமுக்குத் தானாக ஏறி இறங்கும் லெவலிங்கும் (ஒளியின் உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஹெட்லைட் கழுவும் அமைப்பும் கேட்பார்கள்.

எதை வாங்குவது

எச்ஐடி புரொஜெக்டருக்கு டி2எஸ் போன்ற 35 வாட் பல்பும், அதைப் பற்றவைத்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாலஸ்ட் என்ற பெட்டியும் வேண்டும். இந்தப் பல்பு ஏறக்குறைய 3,200 லூமன் தரும். ஒப்பிட்டுப் பார்க்க, எச்7 என்ற வகை 55 வாட் ஹாலஜன் பல்பு 1,500 லூமன். எச்ஐடி பல்பு முழு வெளிச்சத்துக்கு வரச் சில விநாடிகள் ஆகும். பை-எல்இடி புரொஜெக்டரில் ஒளிமூலம், டிரைவர், ஹீட் சிங்க், ஃபேன் எல்லாம் சேர்ந்தே வரும். போட்ட உடனே முழு வெளிச்சம், வயரிங்கும் எளிது. ஆனால் பின்பக்கம் அதிக ஆழம் கேட்கும், காற்றும் கேட்கும்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு 2.5 அங்குல லென்ஸும், பின்னால் மரை வெட்டிய தண்டும் உள்ள மாடலே நல்லது. அந்தத் தண்டு பழைய பல்பு ஓட்டை வழியாகப் போய், பின்னால் ஒரு நட்டில் இறுகும். கிண்ணத்தை வெட்ட வேண்டியதில்லை. உயர் ரகக் கார்களிலிருந்து கழற்றிய 3 அங்குல புரொஜெக்டர்களின் ஒளி இன்னும் அகலமாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்குக் கிண்ணத்தை அறுத்து, சொந்தமாக பிராக்கெட் செய்து, மூன்று அச்சிலும் நீங்களே நிமிர்த்த வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

கடையில் கட்டாயம் கேட்க வேண்டியது கட்-ஆஃப் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் கோடு இடப்பக்கம் ஏற வேண்டும்; வலப்பக்கம் ஓடும் நாடுகளில் வலப்பக்கம். ஓரத்தில் நடப்பவரும் பலகைகளும் தெரிவதற்காக வைத்த ஏற்றம் அது. மாறிப் போனால் அந்த ஏற்றம் நேரே எதிர்வண்டி ஓட்டுநரின் முகத்துக்குப் போகும். எப்படித் திருகினாலும் சரியாகாது, புரொஜெக்டரையே மாற்ற வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை 4,300 முதல் 5,000 கெல்வின் வரை போதும். 6,000-ஐத் தாண்டினால் வெளிச்சம் நீலமாகும். எச்ஐடி பல்பில் நிறம் நீலமாக ஆக லூமன் குறையும், ஈரச் சாலையில் வெளிச்சம் இருக்கிற மாதிரியே தெரியாது.

உங்கள் ஹெட்லைட்டின் வெளிக்கண்ணாடியையும் பாருங்கள். அதில் கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ வரிகள் இருந்தால் புரொஜெக்டர் வேலைக்கு ஆகாது. அந்த வரிகள் கட்-ஆஃபைச் சிதறடித்துவிடும். வழவழப்பான தெளிந்த கண்ணாடி வேண்டும். பிறகு ஆழம்: பல்பு ஓட்டையிலிருந்து பின்மூடி வரை எவ்வளவு இடம், கிண்ணத்திலிருந்து முன்கண்ணாடி வரை எவ்வளவு இடம் என்று அளந்து, புரொஜெக்டரின் அளவோடு ஒப்பிடுங்கள். லெவலிங் மோட்டார் கிண்ணத்தை ஆட்டும்போதும் எதுவும் இடிக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் 5 மி.மீ. மிச்சம் இருந்தால் நிம்மதி.

புரொஜெக்டர்கள் வந்ததும் இரண்டையும் மேசையில் வைத்து பேட்டரியில் எரியவிட்டுப் பாருங்கள். இரண்டின் கோடும் ஒரே மாதிரி கூர்மையாக இருக்கிறதா, ஹை பீம் கொடுத்ததும் தகடு ‘டக்’கென்று இறங்குகிறதா, மின்சாரத்தை எடுத்ததும் திரும்புகிறதா? பழுதை இங்கே பிடித்தால் அரை மணி நேரம். ஹெட்லைட்டை மூடிய பிறகு பிடித்தால் முழு வேலையும் மறுபடி.

பிரிப்பது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு ஹெட்லைட்டை இறக்குங்கள். பல கார்களில் பம்பரையும் இறக்க வேண்டியிருக்கும். ஒரே சமயத்தில் இரண்டையும் பிரிக்காதீர்கள். ஒன்று முழுதாக இருந்தால், எந்தத் திருகு எங்கே என்ற சந்தேகம் வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடியும் உடலும் எந்தப் பசையால் ஒட்டியிருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும். இடுக்கில் ஒரு பல்குத்தும் குச்சியால் அழுத்துங்கள். தடம் பதிந்து, கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது பியூட்டைல், சூட்டில் இளகும். ரப்பர் மாதிரி எதிர்த்துத் தள்ளினால் அது இறுகிப்போன நிரந்தரப் பசை. எவ்வளவு சூடாக்கினாலும் இளகாது, அதிர்வு பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலையில் கண்ணாடியின் விளிம்பு உடைவது சாதாரணம். உங்களுடையது இந்த வகை என்றால், அதே காருக்குப் பியூட்டைல் ஒட்டிய வேறு தயாரிப்பு ஹெட்லைட் கிடைக்கிறதா என்று தேடுவது மேல்.

பியூட்டைல் என்றால் ஓவன் வேலை. பல்புகள், ரப்பர் மூடிகள், லெவலிங் மோட்டார், சுற்றியுள்ள திருகுகள், உலோகக் கிளிப்புகள் அனைத்தையும் எடுங்கள். ஒரு திருகு மிச்சமிருந்தாலும் இழுக்கும்போது உடல் கிழியும். ஓவனை 100 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி, ஒரு மரப்பலகை மேல் ஹெட்லைட்டை வைத்து 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். கம்பியோ பக்கச் சுவரோ பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது, தொட்ட இடம் உருகும். உள்ளே தீ எரியும் வகை ஓவன் வேண்டாம். பொறுமை இல்லாமல் 120, 130 என்று ஏற்றாதீர்கள். பாலிகார்பனேட் கண்ணாடி 147 டிகிரி அளவில்தான் இளகும் என்றாலும், பின் உடலின் பாலிபுரொப்பிலீன் அதற்கு வெகு முன்பே கோணிக்கொள்ளும், கண்ணாடியின் மேல்பூச்சிலும் வெடிப்பு விழும். கோணிய உடலில் கண்ணாடி திரும்பப் பொருந்தாது, அந்த இடைவெளியில்தான் பிறகு மழைநீர் இறங்கும்.

வெளியே எடுத்ததும் ஒரு மூலையில் தட்டை ஸ்க்ரூடிரைவரையோ பிளாஸ்டிக் நெம்புகோலையோ நுழைத்து, பூட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தபடி சுற்றி வாருங்கள். இழுப்பது எப்போதும் நேராக, மெதுவாக இருக்கட்டும். பசை நூல் நூலாக நீளும். அந்த நூல் உள்ளே ரசப்பூச்சு மேல் விழுந்தால் எடுக்கவே முடியாது. கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூல் நீளும்போதே வெட்டுங்கள். பாதியில் இறுகிவிட்டால் பலம் காட்டாமல் மறுபடி 5 நிமிடம் ஓவனில் வையுங்கள்.

உள்ளே பளபளக்கும் ரசப்பூச்சை விரலால் தொடாதீர்கள். அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய படலம் அது; துணியால் துடைத்தாலே கீறல் விழும், ஆல்கஹால் பட்டால் சில பூச்சுகள் மங்கிவிடும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தூசியைக் காற்றடித்து மட்டும் போக்குங்கள்.

பொருத்துவது

கிண்ணம் பெரும்பாலும் மூன்று புள்ளிகளில் நிற்கும்: ஒரு நிலையான மூட்டு, இரண்டு சரிசெய் திருகுகள். திருகைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப அதே சுற்றில் மாட்டினால் ஒளி ஏறக்குறைய பழைய உயரத்துக்கே வரும்.

எச்4 (லோ, ஹை இரண்டுக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகள் உள்ள வகை) கிண்ணத்தில் பல்புக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்புத் தொப்பி இருக்கலாம், அதை எடுத்துவிடுங்கள். புரொஜெக்டரின் தண்டை முன்பக்கமிருந்து ஓட்டையில் விட்டு, பின்னால் எச்4-க்குரிய அடாப்டர் தகட்டைப் பழைய பல்பின் பள்ளங்களில் உட்காரவைத்து, நட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். எச்7 ஓட்டை சிறியது. சிலவற்றில் அரம் போட்டு அகட்ட வேண்டும். அப்படியானால் கிண்ணத்தைத் தனியாக எடுத்து, ரசப்பூச்சை டேப்பால் அல்லாமல் தளர்வான தாளால் மூடி அராவுங்கள். டேப்பை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

சில பெட்டிகளில் தரும் தடித்த சிலிக்கோன் வாஷரில் ஒரு தொல்லை உண்டு. எவ்வளவு இறுக்கினாலும் அது கொஞ்சம் நெகிழ்ந்துகொண்டே இருக்கும், குண்டும் குழியுமான சாலையில் புரொஜெக்டர் மெல்லத் திரும்பிவிடும். உலோக வாஷர் வைக்க இடமிருந்தால் அதையே வையுங்கள்.

வயரிங்

எச்ஐடி என்றால் பேட்டரியிலிருந்து நேரடி ரிலே ஹார்னஸ் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச் சேர்ந்த வயர்த் தொகுப்பு) கட்டாயம். எரியும்போது ஒரு பக்கத்துக்கு மூன்றரை ஆம்பியர் அளவே ஆனாலும், பற்றவைக்கும் கணத்தில் 10 ஆம்பியரைத் தாண்டும். பழைய மெல்லிய வயரில் அந்த இழுப்பு வந்தால் மின்னழுத்தம் விழுந்து விளக்கு துடிக்கும், அல்லது ஒரு பக்கம் மட்டும் எரியும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பிறகு ரிலேயின் 30-ஆம் முனை, 87-லிருந்து இரண்டு பாலஸ்ட். பழைய ஹெட்லைட் பிளக் 85, 86 முனைகளை இயக்கினால் போதும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உடற்பகுதியிலோ பேட்டரி நெகட்டிவிலோ இறுக்குங்கள். துடிக்கும் விளக்குகளில் பல, எர்த் சரியில்லாதவையே.

எச்4 கார்களில் இரண்டு இடங்களில் தடுக்கும். முதலாவது, பிளக்கின் மூன்று முனைகளில் பொதுவானது சில கார்களில் எர்த், சில கார்களில் பாசிட்டிவ். மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு அதற்கேற்ற ஹார்னஸ் வாங்குங்கள். இரண்டாவது, ஹை பீம் போட்டதும் லோ பீமுக்கான மின்சாரம் நின்றுவிடும். ஹாலஜனுக்கு அது சரி. பை-செனானில் ஒரே பல்புதான் இரண்டுக்கும், எனவே ஹை போட்டதும் விளக்கே அணைந்துவிடும். ஹை வயரிலிருந்தும் ஒரு டையோடு வழியாக ரிலேக்குத் தூண்டல் போக வேண்டும். நல்ல எச்4 ஹார்னஸில் இது உள்ளேயே இருக்கும். சோலனாய்டின் வயர் ஹை பீமில் மட்டும் சேரும்.

பல்பு அறுந்தால் டாஷ்போர்டில் காட்டும் கார்கள் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிச் சோதிக்கும். அவற்றுக்கு இடையில், அந்தச் சோதனையைச் சமாளிக்கும் கேன்பஸ் டிகோடர் வேண்டும். லோ பீமையே குறைந்த மின்னழுத்தத்தில் பகல் விளக்காக எரிக்கும் கார்களில் அந்த வசதியை நிறுத்திவிட்டுத்தான் எச்ஐடி போட வேண்டும், இல்லையேல் பாலஸ்ட் கெடும்.

எச்ஐடி பற்றவைக்கும் துடிப்பு 20,000 வோல்ட்டுக்கு மேல். ஸ்விட்ச் போட்டிருக்கும்போது பல்பையோ அதன் வயரையோ தொடாதீர்கள், பல்பு இல்லாமல் பாலஸ்ட்டை இயக்காதீர்கள். பாலஸ்ட்டை எஞ்சின் சூடும் தண்ணீர் தெறிப்பும் படாத இடத்தில், கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி பிராக்கெட்டில் திருகுங்கள்.

மட்டம் பார்ப்பது

முன்கண்ணாடியை ஒட்டாமலே இரண்டு ஹெட்லைட்டையும் காரில் மாட்டி, இருட்டிய பிறகு சமதளத் தரையில், சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நேராக நிறுத்துங்கள். புரொஜெக்டர் லென்ஸின் நடுமைய உயரத்தில் சுவரில் மாஸ்கிங் டேப்பால் ஒரு கிடைக்கோடு ஒட்டுங்கள். கோட்டின் இரு முனைகளையும் தரையிலிருந்து அளந்து ஒட்டுவது முக்கியம். தரை கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் காரும் சேர்ந்தே சாய்ந்திருக்கும், அப்போது ரசமட்டம் காட்டும் நேர்கோடு காருக்கு நேர்கோடு அல்ல.

ஒவ்வொரு பக்கமாக எரியவிட்டு, மற்றதை மூடிக்கொள்ளுங்கள். கட்-ஆஃபின் தட்டையான பகுதி டேப்புக்கு இணையாக வரும்வரை புரொஜெக்டரைத் திருப்புங்கள். ஒரு டிகிரி திருகல் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் மையத்திலிருந்து 3 மீட்டர் பக்கவாட்டில் அது கோட்டை 5 செ.மீ. உயர்த்திவிடும். 7.5 மீட்டரில் நாம் கடைசியில் வைக்கப்போகும் மொத்தச் சரிவே 7.5 செ.மீ.தான், அதில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே போய்விட்டது.

நட்டை இறுக்கும்போது புரொஜெக்டரும் கூடவே திரும்பும். ஒருவர் முன்னால் புரொஜெக்டரின் உடலை அசையாமல் பிடிக்க, மற்றவர் பின்னால் ஸ்பானர் போட வேண்டும். தனியாகச் செய்தால், எவ்வளவு திரும்புகிறது என்று ஒருமுறை பார்த்து, அடுத்த முறை அந்த அளவுக்கு எதிர்த்திசையில் வைத்து இறுக்குங்கள். இறுக்கியதும் மறுபடி பாருங்கள், லெவலிங் சக்கரத்தை மேலும் கீழும் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள்.

பக்கவாட்டு நோக்கையும் இப்போதே சரிபார்க்கலாம். கட்-ஆஃப் தட்டையிலிருந்து ஏறத் தொடங்கும் முடக்கு ஒவ்வொரு விளக்குக்கும் நேர் முன்னால் விழ வேண்டும். சுவரில் இரண்டு முடக்குகளுக்கும் இடையிலுள்ள தூரம், காரில் இரண்டு லென்ஸ்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சமமாக இருந்தால் சரி.

எல்லாம் ஒத்துவந்த பிறகு, அடாப்டரும் தண்டும் சேரும் இடத்தில் பின்பக்கமாக மூன்று புள்ளிகளில், சூடு தாங்கும் இரு பாக எபாக்சி வையுங்கள். 24 மணி நேரம் திறந்த நிலையிலேயே காயட்டும். ஈரமாக மூடினால் அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலமாகப் படிந்துவிடும்.

காயும் நேரத்தில் ஹெட்லைட்டை வெயிலில் வைக்காதீர்கள். புரொஜெக்டர் லென்ஸ் பூதக்கண்ணாடியேதான். சூரியன் சரியான கோணத்தில் பட்டால் உள்ளே இருக்கும் வயரையோ பிளாஸ்டிக்கையோ சில நிமிடங்களில் பொசுக்கிவிடும்.

மூடுவது

அலங்கார வளையம் வைப்பதென்றால் இப்போது வையுங்கள். லென்ஸின் ஒளியை மறைக்காமல், முன்கண்ணாடியைத் தொடாமல் இருந்தால் போதும்.

பள்ளத்தில் பழைய பசை சுத்தமாக இருந்தால் அதன் மேலேயே புதுப் பியூட்டைல் கயிற்றை மெல்லியதாக இழுத்து வைக்கலாம். அழுக்கேறியிருந்தால் முழுதாகச் சுரண்டி எடுத்து, பள்ளத்தை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதுக் கயிற்றை இடைவெளி விடாமல் சுற்றுங்கள். முனைகள் ஹெட்லைட்டின் மேல்பக்கத்தில் சந்திக்காமல் கீழ்ப்பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்று படியட்டும். குளியலறைக்குப் போடும், புளிப்பு வாடை வரும் சிலிக்கோன் வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி ரசப்பூச்சை அரிக்கும். அடுத்த முறை திறக்கவும் முடியாது.

கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து, உள்ளே ஒரு துகளும் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உடலையும் கண்ணாடியையும் சேர்த்து 100 டிகிரியில் 7 நிமிடம் சூடாக்குங்கள். எடுத்ததும் சுற்றிலும் சமமாக அழுத்திக் கொக்கிகளைப் பூட்டி, திருகுகளைப் போட்டு, ஆறும்வரை கிளாம்ப்பில் வையுங்கள்.

கசிவு பார்க்கத் தண்ணீரில் முக்க வேண்டாம். ஒரு காற்றுத் துளையைத் தவிர மற்ற ஓட்டைகளை டேப்பால் அடைத்து, அந்தத் துளையில் சின்னக் குழாய் வைத்து வாயால் மெல்ல ஊதிக்கொண்டே, இணைப்பு நெடுகச் சோப்பு நுரை பூசுங்கள். குமிழி வரும் இடத்தை ஹீட் கன்னால் இளக்கி மறுபடி அழுத்துங்கள். பிறகு டேப்பையெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். காற்றுத் துளை அடைபட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். பை-எல்இடி ஃபேனுக்கும் காற்று வேண்டும். பின்மூடிக்குள் இடம் நெருக்கமாக இருந்தால் சூடு தங்கி, அரை மணி நேரத்தில் வெளிச்சம் குறையும். ஆழமான மூடி வாங்குவதே அதற்கு வழி. மூடியில் ஓட்டை போட்டால் தூசியும் தண்ணீரும் உள்ளே வரும்.

உயரம் வைப்பது

டயர்களில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், லெவலிங் சக்கரம் பூஜ்ஜியத்தில். பல கார்களில் ஹெட்லைட் மேலோ பானெட் அடியிலோ 1.0% அல்லது 1.2% என்று சரிவு அச்சிட்டிருக்கும். 1% என்றால் 10 மீட்டருக்கு 10 செ.மீ.; 7.5 மீட்டர் சுவரில், லென்ஸ் உயரத்துக் கோட்டிலிருந்து 7.5 செ.மீ. கீழே கட்-ஆஃப் விழ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். கிட்டத்தில் பளீரென்று தெரியட்டும் என்று கீழே இறக்கிவிடாதீர்கள். வண்டிக்கு முன்னால் கண் கூசும் வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகி, தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும்.

முதல் இரண்டு வாரம் ஓடிய பிறகு அதே சுவரின் முன் நிறுத்தி மறுபடி பாருங்கள். இரண்டு கோடும் சேர்ந்து இறங்கியிருந்தால் சரிசெய் திருகிலேயே ஏற்றிவிடலாம். ஒரு பக்கத்துக் கோடு மட்டும் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து நட்டு நெகிழ்ந்திருக்கிறது. பின்மூடியைத் திறந்து, எபாக்சி விட்டுப்போன இடத்தைச் சுரண்டி, மட்டம் பார்த்து மீண்டும் இறுக்குங்கள்.